திருக்கோயிற் பழமை காப்பும் பல்கலைக் கழகக் கல்வியும்

கல்வி நூல் கற்றலும் தொழில் பயிறலும் என இருதிறப்படும். முன்னது பொருளின் இயல்பை உணர்த்தும். பின்னது உணர்ந்த அவ்வியல்பிற்கேற்பக் கையை இயக்கும். இவ்விரண்டும் ஒருவர்பாலே கூடி நிற்றல் எல்லாத் துறைக்கும் வேண்டப்படுவதேயாயினும், பழம்பெருங் கட்டடங்களையும் படிமங்களையும் சாசனங்களையும் ஓவியங்களையும் காக்குந் துறைக்கு அஃது இன்றியமையாதது. எழுத்தறியாதான் கையிற் பட்ட சாசனமும், சுண்ணத்தின் இயல்பறியாதான் கையிற் பட்ட ஓவியமும் அன்பினாலேயே அழிந்து போதல் கூடும். ஆதலின், மொழி, வரலாறு, இரசாயனம், கட்டடக்கலை முதலியவற்றுள் ஒன்றிற் பல்கலைக் கழகப் பட்டம் பெறுவார், அப்பட்டத்தோடு உடனாகப் பழமை காப்புக் கல்வியையும் பயிலுதல் வேண்டும் என்பது அண்மைக் காலத்து உலகெங்கும் ஏற்றுக்கொள்ளப்பட்ட கொள்கை. அக்கொள்கை தமிழ்நாட்டில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதும், சைவ நன்மக்கள் அதனைப் பேணவேண்டிய காரணம் யாது என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

1. சுவர் காத்த பதிகம்

திருஞானசம்பந்த சுவாமிகள் அருளிய பதிகங்களுள் திருவிடைவாய்க்கு உரியதொன்று, தேவாரத் திருமுறைகளின் ஏட்டுப் பிரதிகளிற் காணப்படாமல் நெடுங்காலம் மறைந்திருந்தது. செல்லுக்கு இரையான ஏடுகளோடு அதுவும் போயிற்றென்றே எவரும் கருதியிருப்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் சாசன ஆராய்ச்சியாளர் அவ்வூர்த் திருக்கோயிற் கல்லில் அப்பதிகம் பொறிக்கப்பட்டிருத்தலைக் கண்டு படியெடுத்தனர். அதன்பின்னரே அது தேவாரப் பதிப்புக்களில் இடம்பெற்றது.

இதனால் அறியத்தக்கது யாது? அக்கல்லின்மேல் யாரேனும் ஒருவர் திருப்பணி செய்யும் ஆர்வத்தாற் சுண்ணச் சாந்தைத் தடித்துப் பூசியிருப்பின், அன்றிக் கல்லைப் புரட்டி வேறோரிடத்தில் உள்முகமாக வைத்துக் கட்டியிருப்பின், அல்லது உளிகொண்டு கொத்தி வழவழப்பாக்கியிருப்பின், அப்பதிகம் மீண்டும் உலகிற்குக் கிடைத்திராது. அழிந்ததென்று அறிதற்கும் வழி இருந்திராது. ஏட்டில் அழிந்ததைக் கல் காத்தது. கல்லிற் காத்ததை, எழுத்தறிந்தார் கண் கண்டெடுத்தது. கல்லும் கண்ணும் கூடாத இடங்களில் எத்தனை சாசனங்கள் அழிந்தன என்பதை எவரே கணக்கிடவல்லார்!

இனித் தஞ்சைப் பெருங்கோயிற் சாசனம் ஒன்றையும் நினைவுகூர்தல் தகும். முதல் இராசராசன் தன் ஆட்சியின் 29-ஆம் ஆண்டளவில், அக்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பான் ஒருவனையும், கொட்டிமத்தளம் வாசிப்பான் ஒருவனையும் சேர்த்து 50 பேரை நியமித்து, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் முக்குறுணி நெல் நிவந்தமாக வைத்தான். தேவாரம் திருக்கோயில்களில் ஓதப்பட்ட வரலாற்றுக்கு இதனினும் தெளிவாய சான்று வேறு யாது? இச்செய்தி எந்தப் புராணத்தினும் இல்லை, கல்லிலேதான் உள்ளது. கல் போயிற்றெனின் வரலாறும் போயிற்று.

2. முன்னோர் கைக்கொண்ட முறை

பழமை காப்பு மேனாட்டிலிருந்து வந்த புதுக்கொள்கை என்பார் உளர். அக்கூற்று ஆராய்ச்சியின்பாற் பட்டதன்று. சோழர் காலத்திலேயே திருப்பணி செய்வார் கைக்கொண்ட நெறி ஒன்று சாசனங்களால் விளங்குகின்றது.

கண்டராதித்த சோழர் தேவியாரும் உத்தமசோழனைப் பெற்ற தாயாருமாகிய செம்பியன் மாதேவியார், செங்கற் கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கிய பெருமாட்டியார் என்பது சைவ உலகம் அறிந்தது. அவர் திருக்கோடிகாவற் கோயிலைக் கல்லாற் புதுக்கியபோது, முன்னைய கட்டடத்துக் கற்களில் இருந்த பழஞ்சாசனங்களைப் புதுச் சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். அவ்வாறு பொறிக்கப்பட்டவை பழங்கற்படி என்று தம்மைத் தாமே கூறிக்கொள்ளுகின்றன. 'படி' என்னும் அச்சொல்லின் நேர்மை போற்றத்தக்கது. புதிதாகப் பொறித்ததனைப் பழையதென்று காட்டி மயக்காமல், பழையதன் படியே இது என்று அறிவித்தனர். இக்காலத்துப் பழமை காப்பு நூலார், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதனின் வேறாக உணரப்படுதல் வேண்டும் என்று விதிப்பர். அவ்விதியின் உட்பொருள் பத்தாம் நூற்றாண்டிலேயே காவிரிக்கரையிற் கைக்கொள்ளப்பட்டது.

திருமழபாடிச் செய்தி இதனினும் விளக்கமுடையது. முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1013-ஆம் ஆண்டளவில், அக்கோயில் விமானத்தை இடித்துப் புதுக்க ஆணையிட்டான். இடிக்குமுன் அதன் சுவர்களிலுள்ள சாசனங்களைப் புத்தகத்திற் படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஆணையாயிற்று. விமானம் புதுக்கப்பட்ட பின்னர், முதல் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1026-ஆம் ஆண்டளவில், புத்தகத்திலிருந்தவை மீண்டுங் கல்லில் ஏறின. இடைப்பட்ட காலம் ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டு. அரசன் மாறினான், ஆயினும் பணி மறக்கப்படவில்லை. முதலிற் படித்தல், அடுத்துப் படியெடுத்தல், அதன்பின்னரே இடித்தல் என்னும் வரிசை ஈண்டு அரச ஆணையாகவே நிற்கின்றது. நிலம், பொன், விளக்கு, ஆடு முதலிய அறக்கட்டளைகளுக்குச் சாசனமே ஆவணமாதலின், கல்லைக் காத்தல் அறத்தைக் காத்தலாயிற்று.

பிற்காலத்தில் இவ்வரிசை பிறழ்ந்தது. பழைய எழுத்துக்களைப் படிப்பார் அருகினர். படிப்பார் இல்லாதவழிச் சாசனம் வெறுங் கீறலாகத் தோன்றுதல் இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னும் பொருளும் பத்தியும் நிறைந்த அன்பர் பலர் செய்த திருப்பணிகளிற் சாசனங்கள் பல அழிந்தன என்று கல்வெட்டுத் துறையினர் தம் ஆண்டறிக்கைகளில் வருந்தி எழுதினர். குறை அன்பிலன்று, அன்போடு உடனிருக்க வேண்டிய கல்வி இல்லாமையே குறை.

3. பட்டதாரிகள் சாசனங் கற்ற வரலாறு

அக்கல்வி மீண்டுந் தழைத்தமை எவ்வாறு? 1886-இல் ஜெர்மானிய அறிஞர் ஹுல்ஷ் சென்னை மாகாணத்துச் சாசன ஆராய்ச்சியாளராக அமர்ந்தார். தஞ்சைப் பெருங்கோயில் இன்ன அரசன் எடுப்பித்தது என்பது மக்கள் நினைவினின்று மறைந்திருந்த காலம் அது. அவரும் அவர்தம் உதவியாளரும் அக்கோயிற் சாசனங்களைப் படித்து வெளியிட்டபோதுதான், அது முதல் இராசராசன் எடுப்பித்த இராசராசேச்சரம் என்பது ஐயமின்றி நிலைபெற்றது.

அவ்வுதவியாளருள் தலைசிறந்தவர் வி. வெங்கையர் (1864–1912). அவர் எம்.ஏ. பட்டம் பெற்றவர். ஆயின் அந்நாட் பல்கலைக் கழகத்தில் வட்டெழுத்தும் கிரந்தமும் கற்பிப்பார் இலர். கல்லிற் படியெடுக்கும் முறையைக் காட்டுவார் இலர். அவற்றை வெங்கையர் ஹுல்ஷ் அருகிலிருந்து தொழிலாகவே கற்றார். பின்னர் அரசாங்கத்தின் தலைமைச் சாசன ஆராய்ச்சியாளராகவும் உயர்ந்தார். கிருஷ்ண சாஸ்திரியார், கோபிநாதராயர் முதலிய ஏனைய அறிஞரும் பட்டத்தின்மேற் பயிற்சி சேர்த்துக்கொண்டவரே. படிமக்கலை பற்றிக் கோபிநாதராயர் எழுதி 1914 முதல் 1916 வரை வெளிவந்த பெருநூல், ஆகமங் கற்றலும் கோயில் கோயிலாகச் சென்று காண்டலும் ஒருங்கே கூடியதன் பயன்.

படியெடுத்தல் எளிய செயல் போலத் தோன்றினும் அதற்குரிய நுட்பங்கள் பல. கல்லை முதலில் நீராற் கழுவித் துப்புரவாக்குவர். நனைத்த தாளை அதன்மேற் படிய வைத்துத் தூரிகையால் மெல்லத் தட்ட, தாள் எழுத்துப் பள்ளங்களுள் இறங்கும். அதன்பின் மைபூசிய பஞ்சுப் பொதியால் மேலே ஒற்ற, மேடுகள் கறுப்பாகவும் எழுத்துக்கள் வெண்மையாகவும் விளங்கும். தாள் மிக நனைந்தாற் கிழியும். குறைவாக நனைந்தால் எழுத்துள் இறங்காது. மை மிகுந்தால் எழுத்து மூழ்கும். கண்ணால் ஓராண்டு படித்தும் பெறலாகாத இவ்வறிவைக் கை ஒரு திங்களிற் பெறும். ஆயினும், அக்கை எடுத்த படியைப் பொருள் உணர்ந்து வாசித்தற்கு இலக்கண இலக்கியக் கல்வி பல்லாண்டு வேண்டும். இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையேயன்றி மாற்றல்ல என்பது இதனால் விளங்கும்.

4. களிம்பும் இரசாயன நூலும்

ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமை கூறுதல் சித்தாந்த நூலோர் வழக்கு. உவமையிற் களிம்பு, செம்பு உள்ள அன்றே உளதாய் அதனோடு உடனாய் நிற்பது. மண்ணிற் புதைந்து கிடந்த செப்புத் திருமேனிகளைப் பற்றும் களிம்போ, இடையில் வந்து சேர்வது. மண்ணிலுள்ள உப்பு, ஈரத்தின் துணையால் உலோகத்தினுட் புகுந்து பச்சைப் பொடியாக வெளிப்படும். மேலே துடைத்துவிட்டாலும் உள்ளிருக்கும் உப்பு ஈரக்காற்றுப் பட்டவுடன் மீண்டும் வேலை செய்யும். நாளடைவில் திருமுகத்தின் நுண்ணிய கோடுகள் மறையும், விரல்கள் உதிரும். புளியிட்டுத் துலக்குதல் இதற்கு மருந்தாகாது.

இந்நோயின் கூற்றை மேனாட்டார் அறிந்தது ஓர் இடுக்கணால். முதல் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலையின் அரும்பொருள்கள் பல நிலத்தடிப் புகைவண்டிச் சுரங்கத்தில் வைத்துக் காக்கப்பட்டன. போர் முடிந்து எடுத்து நோக்கிய காலை, ஈரத்தால் அவை பூத்தும் துருப்பிடித்தும் இருந்தன. 1919-இல் அலெக்ஸாண்டர் ஸ்காட் என்னும் இரசாயன அறிஞரை அழைத்து ஆராயச் செய்தனர். அதிலிருந்தே அப்பொருட்காட்சிச்சாலையின் ஆராய்ச்சிக்கூடம் தோன்றியது.

சென்னை அரசாங்கப் பொருட்காட்சிச்சாலையிற் செப்புத் திருமேனிகள் மிகுதியாதலின், 1930-இல் அங்கும் இரசாயனக் காப்புக்கூடம் ஒன்று அமைந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர். மின்னோட்டத்தாற் களிம்பு நீக்கும் முறையை அவர் திருமேனிகளுக்குப் பயன்படுத்தினார். காரநீரில் திருமேனியை அமிழ்த்தி மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்த, உப்பு உலோகத்தை விட்டு நீங்கும். களிம்புப் படலம் நெகிழும். அதன்பின் தூய நீரிற் பன்முறை ஊறவைத்து, நீரில் உப்புச் சிறிதும் இல்லை என்று சோதித்த பின்னரே பணி முடியும். உள்ளே உலோகம் உறுதியாக இருக்கும் திருமேனிக்கே இது தகும். உலோகம் முழுதும் களிம்பாக மாறிவிட்டதாயின் உருவமே கலையும். எதற்கு எது தகும் என்று தெரிதல்தான் இத்துறையின் உயிர். இரசாயனப் பட்டம் மின்னோட்டத்தின் இயல்பைக் கற்பிக்கும்; இத்திருமேனியை அதில் இடலாமோ ஆகாதோ என்பதைக் காப்புப் பயிற்சியே கற்பிக்கும்.

5. தஞ்சைச் சுவர் கற்பித்த பாடம்

தஞ்சைப் பெருங்கோயிற் கருவறையைச் சூழ்ந்து இருசுவர்களுக்கிடையே இருண்ட திருச்சுற்று ஒன்று உண்டு. அதன் சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள் விளங்கின. 1931-இல், சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பெற்ற அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி, அவ்வோவியங்கள் பெயர்ந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியப் படலம் இருத்தலைக் கண்டார். அது சோழர் காலத்தது. தொள்ளாயிரம் ஆண்டு நின்ற ஓவியம், பின்னைய படலம் ஒன்று மேலே மூடிய காரணத்தாலேயே காக்கப்பட்டிருந்தது.

அங்குக் காணப்படுவன யாவை? ஆலமர்செல்வர் திருவுருவம், தில்லைக் கூத்தப்பெருமானை அரச குடும்பத்தார் வழிபடுதல், தேர்மீது நின்று முப்புரம் எரித்தல், முதியவர் ஒருவர் ஓலை காட்டி நம்பியாரூரரை வழக்கில் வெல்லுதல், சுந்தரர் வெள்ளானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லுதல். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாங் குலோத்துங்கன் காலத்தில். இவ்வோவியமோ பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தது. ஆகவே, தடுத்தாட்கொண்ட வரலாறும் கயிலை சென்ற வரலாறும் புராணம் எழுதப்படுவதற்கு நூறாண்டுக்கு மேல் முன்னரே சோழநாட்டில் எவ்வடிவில் வழங்கின என்பதற்கு இச்சுவர் ஒரு மூலபாடமாகும். பாடபேதம் ஆராயும் புலவர்க்கு ஏட்டுப் பிரதி எத்தகையதோ அத்தகையது இது.

இதனைக் காத்தற்கு வரலாற்றறிவு மட்டும் போதாதாயிற்று. பரமசிவன் சுவரினின்றும் சிறு துணுக்குக்களை எடுத்துச் சோதித்துத் தம் முடிபுகளை 1937-இல், ஹார்வர்டு பல்கலைக் கழகத்து ஃபாக் கலைக்கூடம் வெளியிட்டு வந்த தாளிகையில் எழுதினார். கல்லின்மேற் சுண்ணமும் மணலும் கலந்த பருக்கன் சாந்தும், அதன்மேல் நுண்ணிய சுண்ணப் பூச்சும் உள. பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணந் தீட்டப்பட்டது. சுண்ணம் காற்றோடு கூடி மீண்டும் கல்லின் தன்மை எய்தும்போது வண்ணமும் அதனுட் கட்டுண்டது என்பது அவர் கண்ட உண்மை. சோழ ஓவியர் ஈரம் உலருமுன் தீட்டி முடிக்கும் கைவன்மை உடையராயினர் என்பது இதனாற் பெறப்படும். காப்பாளர்க்கும் இதனால் ஒரு பயன் உண்டு. வண்ணம் பசையால் ஒட்டப்பட்டதாயின் ஒருவகையாகவும், சுண்ணத்தோடு ஒன்றாயதாயின் வேறுவகையாகவும் அதனைத் தூய்மை செய்தல் வேண்டும். இவ்வேறுபாடு தெரியாமல் நீர் தொட்டுத் துடைப்பவன் ஓவியத்தையே துடைத்துவிடுவான்.

அடுத்து எழுந்த வினா கடியது. அடியிலுள்ள சோழ ஓவியத்தைக் காண்டற்கு மேலுள்ள நாயக்க ஓவியத்தை அழிக்கலாமோ? பழமை மிகுதியாற் சோழர் ஓவியம் சிறந்தது என்று ஒருவர் கூறலாம். ஆயின் நாயக்கர் காலத்து ஓவியனும் அன்பினாலே தீட்டினான். அவன் காலமும் இந்நாட்டு வரலாற்றின் ஒரு கூறே. பிற்காலத்தில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர், மேற்படலத்தைச் சாந்தோடு பிரித்தெடுத்துக் கண்ணாடி நாரிழைப் பலகைகளில் ஏற்றி, இரண்டையும் காத்தனர். ஒன்றைக் காப்பதற்கு மற்றொன்றைப் பலியிடாமை இங்ஙனம் இயன்றது. பழையது எது, புதியது எது என்று காட்டியது வரலாறு; பிரிக்கலாகும் என்று காட்டியது இரசாயனம்; பிரித்தே தீர வேண்டுமோ என்று கேட்கச் செய்தது காப்பு நெறி. மூன்றும் மூவேறு கல்வி. ஒரு கல்வியே உடையான் இப்பணியின் மூன்றில் ஒரு பங்கையே காண்பான்.

6. தபதியும் பட்டதாரியும்

கட்டடக் கலையிலும் இக்கூட்டுறவு நிகழ்ந்தது. பிள்ளையார்பட்டியிற் பிறந்த வை. கணபதி ஸ்தபதியார் (1927–2011) வழிவழித் தபதியர் குடியினர். அவர் காரைக்குடி அழகப்பர் கல்லூரியிற் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். உடனாகத் தந்தையார் வைத்தியநாத ஸ்தபதியாரிடம் சிற்ப நூலும் உளிவேலையும் கற்றார். பழனித் திருக்கோயிலில் தபதியாகவும் பணியாற்றினார். 1957-இல் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பக் கல்லூரி தோன்றியபோது தந்தையார் அதன் முதல் தலைவரானார். பின்னர் மைந்தர் அப்பொறுப்பை ஏற்று நெடுங்காலம் நடத்தினார். குடியினருள் தந்தை மைந்தர்க்கு மட்டுமே உரைத்துவந்த தாளமானமும் ஆயாதி கணிதமும் கல்லூரிப் பாடமாயின. கணிதப் பட்டம் பெற்றமையால் அவருடைய சிற்பக் கல்வி குறைபடவில்லை. குலத்தொழில் என்னும் வேலியைக் கடந்து பிறர்க்குக் கற்பிக்கத்தக்க ஒழுங்கினைப் பெற்றது.

7. பல்கலைக் கழகங்களில் உடன்கல்வி

மேற்கூறியோர் யாவரும் தம் முயற்சியாலும் ஆசிரியர் ஒருவரின் அண்மையாலும் இரு கல்வியையும் கூட்டிக்கொண்டனர். அத்தகைய நற்பேறு எல்லார்க்கும் வாயாது. ஆதலின், அக்கூட்டத்தை முறையான பாடத்திட்டமாக அமைத்த நாடுகளின் வரலாற்றையும் சுருங்க நோக்குதல் தகும். பிரான்சு நாட்டில் 1887-இல் அனத்தோல் தெ பொதோ என்பார் கட்டடக் கலைஞர்க்குப் பழங்கட்டடங்கள் பற்றிய விரிவுரைகளைப் பாரிசு நகரில் தொடங்கினார்; அதுவே சாயோப் பள்ளியாக வளர்ந்து, கட்டடக்கலைப் பட்டம் பெற்றவர்க்கு மேற்பயிற்சி அளித்து வருகின்றது. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டுக் கழகம் 1956-இல் புதுதில்லியிற் கூடிய மாநாட்டில் முடிவு செய்தபடி, உலகத்தார்க்குப் பொதுவாய காப்புப் பயிற்சி நிலையம் 1959-இல் உரோமாபுரியில் எழுந்தது. பிரிட்டிஷ் பொருட்காட்சிச்சாலைக் கூடத்தில் 1924 முதல் பணிபுரிந்த பிளெண்டர்லீத் என்னும் இரசாயன அறிஞரே அதன் முதல் தலைவர்.

அமெரிக்க நாட்டில் இக்கல்வியைத் தூண்டியது ஓர் அழிவே. நியூயார்க்கு நகரில் 1910-இல் எழுந்த பென்சில்வேனியாப் புகைவண்டி நிலையம், கல்தூண்களாற் பொலிந்த பெருங்கட்டடம், 1963-இல் இடிக்கத் தொடங்கப்பட்டது. மக்கள் பலர் தடுத்தும் பயனில்லை. அடுத்த ஆண்டு, 1964-இல், அந்நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் ஜேம்ஸ் மார்ஸ்டன் ஃபிட்ச் என்னும் பேராசிரியர் பழமை காப்புக்கெனவே பட்டமேற்படிப்பைத் தோற்றுவித்தார். கட்டடக்கலையோ நகரமைப்போ பயில்வார் அதனோடு உடனாகவே காப்புக் கல்வியையும் பயின்று இரு பட்டமும் பெறும் வழி பின்னர் ஏற்பட்டது. வேறு பல்கலைக் கழகங்கள் வரலாறு முதலியன பயில்வார்க்குச் சான்றிதழ்ப் படிப்பாக அதனை வைத்தன. அதே 1964-இல் வெனிசு நகரிற் கூடிய அறிஞர், பழையதன் சான்றுகளை மதித்தல், ஊகம் தொடங்கும் இடத்திற் புதுக்குதலை நிறுத்துதல், செய்ததனை எழுதிவைத்தல் என்னும் நெறிகளை வகுத்தனர்.

இந்நாட்டில் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை 1959-இல் தொல்பொருட் பள்ளியைத் தொடங்கிப் பட்டதாரிகளுக்குப் பயிற்சி அளித்தது. தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறையும் முதுகலைப் பட்டம் பெற்றோர்க்குக் கல்வெட்டும் தொல்லியலும் கற்பிக்கும் பட்டயப் படிப்பை நடத்தியுள்ளது. 1981-இல் தஞ்சையில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக் கழகத்தில் ஓலைச்சுவடி, கல்வெட்டு, கட்டடக்கலை, சிற்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துறைகள் அமைந்தன. இவை நல்ல தொடக்கமே. ஆயினும் திருக்கோயில்களின் தொகையை நோக்க, பயின்றார் தொகை மிகச் சிறிது. 2021 சூன் 7-இல் சென்னை உயர்நீதிமன்றம் தமிழ்நாட்டுப் பழங்கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காத்தற்பொருட்டு 75 கட்டளைகளை விதிக்க நேர்ந்தமையே, குறை எத்துணைப் பெரிதென்பதை உணர்த்தும்.

8. தடையும் விடையும்

இனி, இக்கல்விக்கு மாறாகக் கூறப்படும் தடைகளை நோக்குவாம்.

கோயில் வழிபாட்டிற்குரியது, காட்சிப்பொருள் அன்று. பழுதுற்றதைப் புதுக்குக என்பது ஆகமவிதி. ஆகவே பழமையைக் காத்தல் என்பது அவ்விதிக்கு முரணாம் எனின், அற்றன்று. ஆகமங்கள் சீர்ணோத்தாரணத்திற்கு விதி கூறுதல் உண்மையே. பழுதுற்றதை ஆராய்ந்து, தக்கவாறு சீர்செய்து, வழிபாடு இடையறாது நிகழச் செய்தலே அதன் நோக்கம். ஆராயாது இடித்தலை அவை யாண்டும் புகழ்ந்தில. வழிபாட்டிற்காக விமானத்தைப் புதுக்கிய இராசராசனே அதன் சாசனங்களையும் காத்தான். புதுக்குதலும் காத்தலும் திருமழபாடியில் ஒரே ஆணையில் அடங்கின. முரண் என்பது கல்வி இன்மையால் தோன்றும் மயக்கமே.

வழிவழி வந்த தபதியர் இருக்கப் பல்கலைக் கழகக் கல்வி எற்றுக்கு எனின், அதற்கும் விடை உண்டு. புதுக்கோயில் எடுத்தற்குத் தபதியர் கல்வியே முதன்மையானது. பழங்கோயில் காத்தற்கோ, அதனோடு கல்லின் நோய், உப்பின் செயல், நீரின் வழி, பழைய எழுத்து ஆகியவற்றின் அறிவும் வேண்டும். சான்றாக, பழஞ் சுண்ணச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சுவர் மூச்சு விடுவது போல்வது அது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணம் அரைத்த பழங்கொத்தர் இதனைத் தம் கையால் அறிந்திருந்தனர். அச்சுவரின்மேற் சிமெந்து பூசின், ஈரம் உள்ளே அடைபட்டு உப்பை வெளித்தள்ளிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். சுவரிலுள்ள அழுக்கை நீக்க மணலை விசையோடு வீசின், அழுக்கோடு கல்லின் மேற்பரப்பும் போம். ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்து ஒரு பகலில் மழுங்கும். இவ்விரண்டும் பணத்தால் விளைந்த கேடுகளேயன்றிப் பணமின்மையால் விளைந்தன அல்ல.

ஒரு பட்டத்திற்கே காலம் போதாதபோது மற்றொரு கல்விக்கு இடம் ஏது எனின், அதற்கு மடங்களிற் கற்ற பழைய முறையே விடை கூறும். இலக்கணம் பாடங் கேட்பார், அதனோடு உடனாகவே சாத்திரமும் தோத்திரமும் கேட்டனர், ஏடெழுதவும் பழகினர். ஒன்று முடிந்த பின்னர் மற்றொன்று என்று அவர் காத்திருந்திலர். ஏடு எழுதிய கையே பிழை அறியும் கண்ணையும் தந்தது. அங்ஙனமே தமிழ் பயிலும் மாணவன் பட்டப்படிப்புக் காலத்திலேயே விடுமுறைதோறும் ஒரு கோயிலிற் படியெடுத்துப் பழகின், பட்டம் பெறும்போது வட்டெழுத்தும் அவனுக்கு வாய்க்கும். இரசாயனம் பயில்வான் ஒரு பழஞ்சாந்தைச் சோதித்துப் பழகின், அவன் பட்டம் வெறும் ஏட்டளவில் நில்லாது.

9. முடிபு

இதுகாறும் கூறியவாற்றால், பழமை காப்பு என்பது தனித்து நிற்கும் ஒரு துறையன்று, பிற கல்வியோடு உடனாய் நின்று அதனைப் பயன்படச் செய்வது என்பது பெறப்பட்டது. வெங்கையர் தம் பட்டக் கல்வியோடும், பரமசிவன் இரசாயனத்தோடும், கோவிந்தசாமி வரலாற்றோடும், கணபதி ஸ்தபதியார் கணிதத்தோடும் இதனைக் கூட்டினர். நால்வர் பட்டமும் வேறு. காத்த பொருள் ஒன்றே.

திருக்கோயில்களை நடத்துவோர் திருப்பணி தொடங்குமுன் சாசனம் அறிந்தான் ஒருவனையும், சாந்தும் கல்லும் அறிந்தான் ஒருவனையும் அழைத்துச் சுவரைக் காட்டுதலை நியதியாகக் கொள்ளல் வேண்டும். மடங்களும் சைவக் கழகங்களும் தம் கொடையிற் கல்வி பெறும் மாணவருள் ஆண்டிற்கு ஒருவனையேனும் இத்துறைக்குத் தெரிந்தெடுத்துப் பட்டத்தோடு உடனாகப் பயிற்றுவித்தல் வேண்டும். குடமுழுக்கிற்குச் செலவாகும் பெரும்பொருளில் ஒரு சிறு கூறே இதற்குப் போதும்.

இன்னும் எத்தனை பதிகங்கள், எத்தனை நிவந்தங்கள், எத்தனை அடியார் பெயர்கள் சுண்ணப் பூச்சின் அடியிற் கிடக்கின்றன என்பதைப் பூச்சை நீக்கும் கையே அறியும். அக்கை கற்ற கையாக இருத்தல் வேண்டும். அதற்குத் தில்லைக் கூத்தன் திருவருள் முன்னிற்பதாக.